லோடாஷை வைத்துக்கொள்வதா, விடுவதா? ஜாவாஸ்கிரிப்ட் யுடிலிட்டி லைப்ரரிகள் ஓர் ஒப்பீடு

அண்மையில் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவர் முதல் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கையில் கொடுத்திருப்பது எட்டு வருடப் பழைய ப்ராஜெக்ட். எந்தக் கோப்பைத் திறந்தாலும் லோடாஷ், அதாவது பட்டியல், ஆப்ஜெக்ட் போன்றவற்றைக் கையாள முன்பே எழுதி வைத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு (லைப்ரரி). "எல்லாத்தையும் எடுத்துட்டு வெறும் ஜாவாஸ்கிரிப்ட்ல எழுதச் சொல்றாங்க, செய்யலாமா அண்ணா?" என்று கேட்டார். இன்னொருவர் நண்பர்களோடு சேர்ந்து புதிதாக ஒன்றைத் தொடங்குகிறார். நண்பர்களில் ஒருவருக்கு லோடாஷ் இல்லாமல் கை ஓடாது, இன்னொருவர் ராம்டாதான் வேண்டும் என்கிறார், மூன்றாமவர் புதிதாக வந்த ஈஎஸ்-டூல்கிட்டைச் சொல்கிறார். ஒரு வாரமாக ஒரு வரி கூட எழுதவில்லையாம்.

இருவருக்கும் நான் சொன்னது ஒன்றுதான். எந்த லைப்ரரி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்தெந்த ஃபங்ஷன் வேண்டும் என்று முதலில் எண்ணுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பில்லிங் ப்ராஜெக்டில் அப்படி எண்ணிப் பார்த்தேன். லோடாஷை அழைக்கும் இடங்கள் முந்நூறுக்குப் பக்கம் இருந்தன. ஆனால் அத்தனை இடத்திலும் மாறிமாறி வந்த ஃபங்ஷன்கள் பதினான்கே. அந்தப் பதினான்கிலும் கெட் (ஆப்ஜெக்டின் உள்ளிருந்து ஒரு மதிப்பை எடுப்பது), மேப் (பட்டியலின் ஒவ்வொன்றையும் மாற்றிப் புதிய பட்டியல் தருவது) இரண்டு மட்டும் பாதி இடங்களைப் பிடித்திருந்தன. லோடாஷில் இருப்பவையோ முந்நூறுக்கு அருகில். இந்தக் கணக்கு கையில் வந்ததும் விவாதத்தின் சூடு தானாகத் தணிந்துவிட்டது. பதினான்கு ஃபங்ஷனைப் பற்றி உட்கார்ந்து பேசி முடிவெடுக்கலாம். ஒரு லைப்ரரியைப் பற்றி என்றால் அவரவர் பிடிவாதம்தான் பேசும்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

ஒன்று, இது மொழியிலேயே வந்துவிட்டதா? இரண்டு, பயன்படுத்துபவரின் ஃபோனுக்கு எவ்வளவு சுமை? சர்வரில் மட்டும் ஓடும் கோட் என்றால் இந்தக் கேள்விக்குப் பெரிய மதிப்பு இல்லை. மூன்று, ஓர மதிப்புகளில் எப்படி நடந்துகொள்கிறது? நல் ('ஒன்றுமில்லை' என்று நாமே வைத்தது), அன்டிஃபைண்ட் (மதிப்பே வைக்கப்படாதது), காலி அரே (பட்டியல்), ஒரே சாவி இரண்டு முறை வருவது, இப்படி. நான்கு, டீமில் புதிதாகச் சேருபவர் படித்தால் புரியுமா? ஐந்து, யார் பராமரிக்கிறார்கள், பாதுகாப்புக் குறை வந்தால் திருத்தம் வருமா?

நம் ஊர் செயலிகளுக்கு ஆறாவது ஒன்று உண்டு: தமிழ் எழுத்து உள்ளே போனால் என்ன ஆகும்? அதைத் தனியாகப் பேச வேண்டும், கடைசியில் வருகிறேன்.

இந்த ஐந்தில் எல்லாரும் சண்டை போடுவது இரண்டாவதற்காக. என் அனுபவத்தில் ஆளைக் கவிழ்ப்பது மூன்றாவது.

## மொழியே தருவது

அண்டர்ஸ்கோரை ஜெரமி ஆஷ்கெனாஸ் 2009-இல் வெளியிட்டார். அன்றைக்கு மேப், ஃபில்டர் கூட எல்லாப் பிரவுசரிலும் இல்லை. 2012-இல் ஜான்-டேவிட் டால்டன் அதிலிருந்து பிரித்து லோடாஷை உருவாக்கினார். அந்தக் காலத்தின் பற்றாக்குறைக்குப் பிறந்தவை இவை. அதன்பிறகு மொழி நிறைய வளர்ந்துவிட்டது. ஆப்ஜெக்ட் என்ட்ரீஸ் 2017-இல், ஃப்ளாட் 2019-இல், `?.` (நடுவில் ஒன்று இல்லாவிட்டாலும் பிழையின்றி உள்ளே போவது), `??` (மதிப்பு இல்லாவிட்டால் மாற்று தருவது) இரண்டும் 2020-இல், மூல அரேயைத் தொடாமல் வரிசைப்படுத்தும் டு-சார்ட்டட் 2023-இல், ஆப்ஜெக்ட் குரூப்-பை 2024-இல், செட்டுகளின் யூனியன், இன்டர்செக்‌ஷன் 2025-இல் தரநிலைக்குள் வந்தன. ஆழமாக நகலெடுக்க ஸ்ட்ரக்சர்ட்-குளோன் 2022 முதல் முக்கியப் பிரவுசர்கள் அனைத்திலும் இருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவருக்கு இதுவே முதல் தேர்வு என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. சுமை இல்லை, பராமரிப்பவர் காணாமல் போகமாட்டார், கற்றது எந்த வேலைக்குப் போனாலும் உதவும்.

ஆனால் மறைந்திருக்கும் செலவு உண்டு. பழைய கோடை மாற்றும்போதுதான் அது தலைகாட்டும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மொத்த வியாபாரக் கணக்கில், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தள்ளுபடி என்று ஒரு புலம். அது இல்லவே இல்லை என்றால் பத்து சதவீதம் போடு என்று லோடாஷ் கெட் எழுதியிருந்தோம். சிலருக்குத் தள்ளுபடியே கிடையாது. அவர்களுக்கு டேட்டாபேஸில் நல் என்று வைத்திருந்தோம். கெட் எப்படி நடக்கும் என்றால், மதிப்பு அன்டிஃபைண்ட் ஆக இருந்தால் மட்டும் நாம் சொன்ன மாற்று மதிப்பைத் தரும். நல் வந்தால் நல்லையே திருப்பித் தரும். `??` அப்படி இல்லை, நல், அன்டிஃபைண்ட் இரண்டுக்கும் மாற்று மதிப்பைக் கொடுத்துவிடும். ஒரு மதியத்தில் கெட் எல்லாவற்றையும் `?.`, `??` என்று மாற்றினோம். டெஸ்ட் எல்லாம் பச்சை. இரண்டு நாள் கழித்துக் கணக்கர் கூப்பிட்டு, தள்ளுபடி இல்லாதவர்களுக்கெல்லாம் பத்து சதவீதம் போயிருக்கிறது என்றார். அந்த இரண்டு நாள் பில்களை ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினோம்.

இதே மாதிரி இன்னும் சில இருக்கின்றன. ஒரே ஐடி உள்ள வரிசைகளைக் கழிக்க லோடாஷின் யூனிக்-பை முதலில் வந்ததை வைத்துக்கொள்ளும். அதற்குப் பதிலாகப் பலரும் எழுதும் மேப் ஆப்ஜெக்ட் வழி, கடைசியில் வந்ததை வைத்துக்கொள்ளும். ஆப்ஜெக்ட் குரூப்-பை தரும் ஆப்ஜெக்டுக்கு ப்ரோட்டோடைப் (பொதுவான ஃபங்ஷன்களைத் தரும் மூல ஆப்ஜெக்ட்) கிடையாது. அதன்மேல் நேரடியாக ஹேஸ்-ஓன்-ப்ராபர்ட்டி அழைத்தால் பிழை வரும். ஸ்ட்ரக்சர்ட்-குளோன் உள்ளே ஒரு ஃபங்ஷனைக் கண்டால் பிழை எறிந்து நின்றுவிடும். கிளாஸில் பிறந்த ஆப்ஜெக்டை வெறும் ஆப்ஜெக்டாக ஆக்கிவிடும். லோடாஷின் குளோன்-டீப் ப்ரோட்டோடைப்பைக் காப்பாற்றும்.

அப்புறம் வேகம். கீ-பை (ஐடி போன்ற சாவியால் தேடும்படி பட்டியலை ஆப்ஜெக்டாக்குவது) மாதிரி ஒன்றை மொழியில் எழுதச் சொன்னால், ரெட்யூஸ் உள்ளே ஸ்ப்ரெட் போட்டு எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த ஆப்ஜெக்ட் முழுதும் நகலாகும். பத்தாயிரம் வரிசை என்றால் ஐந்து கோடி நகல். பார்க்க அழகான ஒற்றை வரி, ஓடும்போது ஃபோன் சுடும்.

மொழியில் இன்னும் வராதவை: டிபவுன்ஸ் (அடுத்தடுத்து வரும் அழைப்புகள் ஓயும்வரை காத்திருந்து ஒருமுறை ஓட்டுவது), த்ராட்டில் (குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை மட்டும் ஓட்டுவது), ஆழ ஒப்பீடு, ஆழ இணைப்பு, பல சாவிகளால் வரிசைப்படுத்துவது, சங்க் (அரேயைத் துண்டுகளாக்குவது), பிக், ஓமிட் (சில புலங்களை மட்டும் எடுப்பது, விடுவது). ஆழ ஒப்பீடு நோட்.ஜேஎஸ் போன்ற சர்வர் சூழல்களில் உண்டு, பிரவுசரில் இல்லை. இந்தப் பட்டியலில் எத்தனை உங்களுக்கு வேண்டும் என்பதுதான் லைப்ரரி தேவையா என்ற கேள்வியின் உண்மையான உருவம்.

## லோடாஷ்

வாரத்துக்குக் கோடிக்கணக்கில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பத்தாண்டுக்கும் மேலாக உலகம் முழுதும் அடிபட்டு, உதைபட்டுத் தேறிய கோட். டிபவுன்ஸ் ஒன்றை மட்டும் பாருங்கள்: முதல் அழைப்பில் ஓடுவதா, கடைசியில் ஓடுவதா, அதிகபட்சம் எவ்வளவு காத்திருப்பது, நடுவில் ரத்து செய்வது, உடனே ஓட்டிவிடுவது, எல்லாம் உண்டு. இதைச் சொந்தமாக எழுதி, எல்லா ஓரமும் சரியாக வந்ததாக நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சுமைக்கு வருவோம். முழு லோடாஷும் சுருக்கி, ஜிஸிப் செய்தபின் சுமார் 24 கிலோபைட். ஒரு நடுத்தரப் புகைப்படத்தைவிடக் குறைவுதான். ஆனால் படத்தைக் காட்டினால் வேலை முடிந்தது. கோடை ஃபோன் விரித்து, படித்து, ஓட்ட வேண்டும். ஆறேழாயிரம் ரூபாய் ஃபோனில் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

இங்கே பலரும் ஏமாறும் ஓரிடம். டிபவுன்ஸை மட்டும் பெயர் சொல்லி இறக்குமதி செய்தால் அது மட்டும்தான் பண்டிலில், அதாவது பிரவுசருக்குப் போகும் கோட் கட்டில், வரும் என்று நினைக்கிறார்கள். லோடாஷ் என்ற பேக்கேஜிலிருந்து அப்படி எடுத்தால் முழுதும்தான் வரும், ஏனென்றால் அது பழைய காமன்ஜேஎஸ் வடிவம், வேண்டாததைக் கழிப்பது அதில் கடினம். லோடாஷ்-ஈஎஸ் பேக்கேஜிலிருந்தோ, ஃபங்ஷனின் தனிக் கோப்பிலிருந்தோ எடுக்க வேண்டும். அதையும் கவனமாகச் செய்தபின், நீங்கள் சேர்த்த வேறு ஏதோ ஒரு சார்ட் பேக்கேஜ் உள்ளே லோடாஷை இழுத்துக்கொண்டு வந்தால் இரண்டு பிரதி ஆகிவிடும். பண்டில் அனலைசரை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் சுமையைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. செயின் என்று தொடுத்து எழுதும் பாணியில் இருந்தால் எந்த வழியிலும் சுருக்க முடியாது, முழு லைப்ரரியும் வேண்டும்.

ஓர மதிப்புகளில் லோடாஷுக்கும் அதன் குணங்கள் உண்டு. எண் 5-ஐக் கொடுத்து இஸ்-எம்ட்டி கேட்டால் காலி என்று சொல்லும். ஃபார்-ஈச் உள்ளே தற்செயலாக ஃபால்ஸ் திரும்பினால் சுற்று அங்கேயே நின்றுவிடும். எனக்கு மறக்காதது இன்னொன்று. துணிக்கடைக் கணக்கு ஒன்றில் ஒவ்வொரு துண்டுக்கும் நீளம், அகலம் என்று இரண்டு புலம். பெயர் ஆங்கிலத்தில், அதாவது நீளத்துக்கு லெங்த். லெங்த் என்ற பெயரில் ஓர் எண் இருந்தால் லோடாஷ் அதை அரே என்றே எடுத்துக்கொள்ளும். நீளம் 3 மீட்டர் என்றால், சைஸ் கேட்டால் 3 வரும். மேப் போட்டால் இரண்டு புலத்துக்குப் பதில் மூன்று அன்டிஃபைண்ட் வரும். நான்கு மீட்டர் துண்டு என்றால் நான்கு. துணியின் நீளத்துக்கு ஏற்ப எங்கள் பட்டியலில் காலி வரிசைகள் கூடியதும் குறைந்ததும் ஏன் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் முழுதும் போனது.

பாதுகாப்பு. 2019-இல் சிவிஇ-2019-10744 என்ற எண்ணில் ஒரு குறை வெளிவந்தது. டிஃபால்ட்ஸ்-டீப் ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து வரும் ஜேசனை அப்படியே கொடுத்தால், அதில் கன்ஸ்ட்ரக்டர், ப்ரோட்டோடைப் என்று சாவிகளை வைத்து அனுப்பி, செயலியில் உள்ள எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான மூல ப்ரோட்டோடைப்பில் கை வைக்க முடிந்தது. அட்மினா என்று கேட்டால் எல்லா ஆப்ஜெக்டும் ஆம் என்று சொல்லும் நிலை. 4.17.12-இல் அதைத் திருத்தினார்கள். இதே வகைக் குறைகள் முன்னும் பின்னும் வந்து திருத்தப்பட்டன. 2021 பிப்ரவரியில் வந்த 4.17.21-க்குப் பிறகு சில ஆண்டுகள் புதிய பதிப்பே இல்லாமல் இருந்தது. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம்: முடிந்த வேலை என்றும், ஆள் குறைந்த இடம் என்றும். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

பழைய ப்ராஜெக்ட், சர்வர் கோட், பெரிய டீம், ஓர மதிப்புகளைப் பற்றி யாருக்கும் முழு ஞாபகம் இல்லாத நிலை, இதிலெல்லாம் லோடாஷை வைத்துக்கொள்வதே நல்லது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக எடுக்க வேண்டாம்.

## ஈஎஸ்-டூல்கிட்

கொரியாவின் டாஸ் நிறுவனத்தார் 2024-இல் வெளியிட்டது. வகைகளைச் சரிபார்க்கும் ஜாவாஸ்கிரிப்டான டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. லோடாஷைவிட 97 சதவீதம் வரை சிறியது, இரண்டு மூன்று மடங்கு வேகம் என்று அவர்களே அளவிட்டுச் சொல்கிறார்கள். அளவு குறைவதற்குக் காரணம் எளிது: பழைய பிரவுசருக்கான கோடும், எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையும் இதில் இல்லை. ஸ்டோரிபுக், ரீசார்ட்ஸ் போன்ற பேக்கேஜ்கள் இதற்கு மாறியிருக்கின்றன.

தெரிந்துகொள்ள வேண்டியது, உள்ளே இரண்டு கதவுகள் இருக்கின்றன. முதல் கதவு சுத்தமான புதிய வடிவம். அதில் குரூப்-பைக்கு ஃபங்ஷன்தான் கொடுக்க வேண்டும். லோடாஷில் பழகியபடி புலத்தின் பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்தால் நடக்காது. டிபவுன்ஸில் அதிகபட்சக் காத்திருப்பு கிடையாது. இரண்டாவது கதவு காம்பேட், லோடாஷ் மாதிரியே நடந்துகொள்ளச் செய்தது. அதன் அளவும் அதற்கேற்பக் கூடும். லோடாஷிலிருந்து மாறுபவர்கள் முதல் கதவில் நுழைந்து, எங்கே வேறுபடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தடுக்கி விழுகிறார்கள். முதலில் காம்பேட்டுக்கு மாறுங்கள், டெஸ்ட் ஓட்டுங்கள், அப்புறம் ஒவ்வொரு ஃபங்ஷனாக மற்ற கதவுக்கு நகர்த்துங்கள்.

டைப்ஸ்கிரிப்ட், புதிய ப்ராஜெக்ட், பிரவுசரில் ஓடுவது, மொழியில் இல்லாத ஏழெட்டு ஃபங்ஷன் வேண்டும் என்றால் இன்றைக்கு என் தேர்வு இதுதான். வயது குறைவு என்பதே இதன் ஒரே பலவீனம். லோடாஷ் பட்ட அடிகளை இது இன்னும் படவில்லை.

## ராம்டா, கூடவே ரெமீடா

ராம்டா வேறு பள்ளி. மற்ற லைப்ரரிகளில் தரவு முதலில், ஃபங்ஷன் பிறகு. இதில் தரவு கடைசி. பாதி ஆர்க்யுமென்ட் கொடுத்தால் மீதிக்குக் காத்திருக்கும் புதிய ஃபங்ஷன் கிடைக்கும். அப்படிக் கிடைத்தவற்றைப் பைப்பில் கோத்துக்கொண்டே போகலாம். பூ கட்டுகிற மாதிரி கை பழகிவிட்டால் வேகமும் அழகும் வரும். தரவை இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு என்று உருமாற்றுவதே வேலையாக இருக்கும் இடங்களில் ராம்டாவில் எழுதிய கோட் உண்மையிலேயே தெளிவாக இருக்கும்.

ஆனால் டீமில் ஒருவருக்கு மட்டும் பிடித்திருந்தால் வேண்டாம். அவர் வேலை மாறிப் போனபின் அந்தக் கோப்புகளைத் தொட யாரும் துணிவதில்லை, பக்கத்திலேயே புதிதாக எழுதிவிடுகிறார்கள். நான் இப்படி இரண்டு இடத்தில் பார்த்துவிட்டேன். பிழை வந்தால் ஸ்டாக் ட்ரேஸ் முழுக்க ராம்டாவின் உள் ஃபங்ஷன்களாக இருக்கும். நம் வரி எங்கே என்று தேட வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் சில பைப்புகளில் வகையைக் கணிக்கத் திணறும். மாற்று மதிப்பு விஷயத்திலும் இது தனி வழி: பாத்-ஆர், நல், அன்டிஃபைண்ட் இரண்டோடு எண் அல்லாத நேன் வந்தாலும் மாற்றைத் தரும். பத்தாண்டுக்கும் மேலாகியும் பதிப்பு எண் இன்னும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. அதனால் சிறு பதிப்பு மாற்றத்திலும் மாற்றக் குறிப்பைப் படித்துவிட்டே ஏற்றுங்கள்.

இந்தப் பாணி பிடித்து, டைப்ஸ்கிரிப்டிலும் இருக்கிறீர்கள் என்றால் ரெமீடாவைப் பாருங்கள். தரவு முதலிலும் கொடுக்கலாம், கடைசியிலும் கொடுக்கலாம். வகைகளும் நன்றாக வரும்.

அண்டர்ஸ்கோர் பற்றி ஒரு வரி போதும்: ஏற்கெனவே இருந்தால் இருக்கட்டும், புதிதாகச் சேர்க்கக் காரணம் இல்லை.

## சொந்தமாக ஒரு யுடில்ஸ் கோப்பு

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினோரு வரி பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம் என்ற பொதுப் பேக்கேஜ் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டார். பேபல் (புதிய ஜாவாஸ்கிரிப்டைப் பழைய பிரவுசருக்கு ஏற்ப மாற்றும் கருவி) உட்பட அதை நேராகவோ சுற்றியோ நம்பியிருந்த எத்தனையோ பில்டுகள் உலகெங்கும் நின்றன. அது செய்த வேலை, ஸ்ட்ரிங்கின் இடப்பக்கம் நிரப்புவது. மறு ஆண்டே பேட்-ஸ்டார்ட் என்று மொழிக்குள் வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் சாக், டீபக் உள்ளிட்ட, எல்லாரும் நம்பியிருக்கும் சிறு பேக்கேஜ்களில், பராமரிப்பவரை ஏமாற்றி அவர் கணக்கைப் பிடித்துத் தீய கோடை ஏற்றினார்கள். ஒரு ஃபங்ஷனுக்கு ஒரு பேக்கேஜ் என்று நாற்பது சேர்ப்பது, முன்பின் தெரியாத நாற்பது பேரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போல.

அதனால் சங்க், பிக், ஓமிட், ரேஞ்ச் போன்ற ஐந்தாறு வரி விஷயங்களை நீங்களே எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கூடவே டெஸ்டும் எழுத வேண்டும், அந்த நிபந்தனையை விடாதீர்கள். ஆழ ஒப்பீடு, ஆழ இணைப்பு, டிபவுன்ஸ் மூன்றையும் சொந்தமாக எழுதாதீர்கள். முதல் நாள் பதினைந்து வரியில் அழகாக இருக்கும். தேதி, மேப், செட், தன்னையே சுட்டும் ஆப்ஜெக்ட் என்று ஒவ்வொன்றாக வரும்போது வளர்ந்து, ஒரு வருடத்தில் டெஸ்ட் இல்லாத குட்டி லோடாஷாக நிற்கும்.

## ஒரே பார்வையில்

| | மொழி | லோடாஷ் | ஈஎஸ்-டூல்கிட் | ராம்டா | சொந்தக் கோப்பு |
|---|---|---|---|---|---|
| ஃபோனுக்குச் சுமை | இல்லை | கவனமில்லாவிட்டால் 24 கிலோபைட் | மிகக் குறைவு | நடுத்தரம் | மிகக் குறைவு |
| நல் வந்தால் மாற்று மதிப்பு | `??` தரும் | கெட் தராது | காம்பேட் கெட் தராது | பாத்-ஆர் தரும் | எழுதியபடி |
| டிபவுன்ஸ் | இல்லை | முழுமையாக | உண்டு. முழுமைக்குக் காம்பேட் | இல்லை | வேண்டாம் |
| புதியவருக்குப் புரிவது | எளிது | எளிது | எளிது | பழக வேண்டும் | டெஸ்ட் இருந்தால் எளிது |
| வரிசைப்படுத்த நம் ஒப்பீட்டு ஃபங்ஷன் | கொடுக்கலாம் | சார்ட்-பையில் முடியாது | சார்ட்-பையில் முடியாது | கொடுக்கலாம் | எழுதியபடி |

கடைசி வரிசை ஏன் அங்கே இருக்கிறது என்பது இனிமேல் தெரியும்.

## தமிழ் எழுத்து உள்ளே போனால்

'தமிழ்நாடு' என்ற சொல்லை எண்ணுங்கள். நமக்கு ஐந்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டின் லெங்த் ஒன்பது என்கிறது, ஏனென்றால் மேல்விலங்கு, புள்ளி, கால், உகரக் குறி எல்லாம் தனித்தனி யூனிகோட் குறியீடு. லோடாஷின் சைஸும் ஒன்பதுதான். எமோஜியை ஒரே எழுத்தாகவும், லத்தீன் எழுத்தின் மேலே ஒட்டும் குறிகளை அந்த எழுத்தோடு சேர்த்து ஒன்றாகவும் லோடாஷ் எண்ணும். நம் உயிர்மெய்க் குறிகள் அந்தக் கணக்கில் இல்லை. ட்ரங்கேட் ஃபங்ஷனிடம் இந்தச் சொல்லைக் கொடுத்து நீளம் 5 என்றால் 'தம...' என்று வரும். மூன்று புள்ளிகளுக்கு மூன்று போக, மீதி இரண்டு குறியீடு. மி என்பது ம ஆகிவிட்டது. செய்திச் செயலிகளின் தலைப்புகளில் எழுத்து ஒடிந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இப்படி வெட்டினால் அப்படித்தான் ஆகும்.

இதற்கு எந்த யுடிலிட்டி லைப்ரரியையும் தேடாதீர்கள். இன்ட்ல் செக்மென்டர் மொழியோடு வருகிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்தபின் முக்கியப் பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு. அது த, மி, ழ், நா, டு என்று ஐந்தாகப் பிரிக்கும். ஒரே குறை, க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இரண்டிரண்டாகப் பிரித்துவிடும். யூனிகோட் விதியே அப்படி. அவை வேண்டுமென்றால் பிரித்தபின் நாமே ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வரிசைப்படுத்துவது இன்னும் முக்கியம், ஏனென்றால் பிழை கண்ணில் படாது. 'மரம்', 'மனம்' இரண்டில் அகராதியில் எது முதலில்? மரம். னகரம் நமக்குக் கடைசி மெய். ஆனால் யூனிகோடில் ந-வுக்கு அடுத்த இடத்திலேயே ன வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் லோடாஷின் சார்ட்-பை, மொழியின் வெறும் சார்ட், எல்லாமே மனத்தை முதலில் வைக்கும். வாடிக்கையாளர் பட்டியலில் நூறு பேர் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஐயாயிரம் பேர் இருக்கும்போது, கடையில் அகர வரிசைப் பதிவேட்டில் பழகிய பெரியவர் ஒருவர் வந்து, "இந்தப் பேரு இங்க இருக்கக் கூடாதே தம்பி" என்பார். எங்களிடம் அப்படி ஒருவர் சொன்னார். அந்தந்த மொழியின் அகர வரிசைப்படி ஒப்பிடும் இன்ட்ல் கொலேட்டரைத் தமிழுக்கு ஒருமுறை உருவாக்கி, அதன் ஒப்பீட்டு ஃபங்ஷனை டு-சார்ட்டட் உள்ளே கொடுத்தோம், சரியானது. லோடாஷின் சார்ட்-பையோ ஆர்டர்-பையோ அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளாது. ராம்டாவின் சார்ட் வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்று. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் ஒன்றேதான், இஸ்-ஈக்வல் கேட்டால் வேறு வேறு என்று சொல்லும். தரவு உள்ளே வரும் வாசலிலேயே நார்மலைஸ் செய்து என்எஃப்சி (குறிகளை ஒன்றாகச் சேர்த்த) வடிவில் சேமித்துவிட்டால் தேடலில் தொல்லை இல்லை.

## அந்த இருவருக்கும்

புதிதாகத் தொடங்கும் நண்பர்களுக்கு: லைப்ரரி எதுவும் சேர்க்காமல் இன்றே தொடங்குங்கள். டிபவுன்ஸ் தேவைப்படும் அன்றைக்கு ஈஎஸ்-டூல்கிட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராம்டா வேண்டும் என்பவர் மற்ற இருவரையும் ஒரு மாதம் பழக்கிவிட்டு அப்புறம் கேட்கட்டும்.

பழைய ப்ராஜெக்டில் இருக்கும் தம்பிக்கு: மொத்தமாக எடுக்காதே. முதலில் லோடாஷ் அழைப்புகளை எல்லாம் உங்கள் சொந்தக் கோப்பு ஒன்றின் வழியாக வரச் செய், அதன்பின் எதை மாற்றினாலும் ஓரிடத்தில்தான் மாற்ற வேண்டும். அடுத்து மேப், ஃபில்டர், இன்க்ளூட்ஸ் மாதிரி அரே என்று உறுதியாகத் தெரிந்த இடங்களில் மட்டும் மொழிக்கு மாற்று. அங்கேயும் நல் வரக்கூடுமா என்று பார், லோடாஷ் நல்லுக்குக் காலி அரேயோ (மேப், ஃபில்டர்) ஃபால்ஸோ (இன்க்ளூட்ஸ்) தரும், மொழி பிழை எறியும். கெட்டைக் கடைசியில் தொடு. ஒவ்வொரு இடத்திலும் அந்தப் புலத்தில் நல் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டுவிட்டு மாற்று. பதில் தெரியாத இடத்தை அப்படியே விடு. டிபவுன்ஸ், இஸ்-ஈக்வல், மெர்ஜ், குளோன்-டீப் நான்கும் லோடாஷ்-ஈஎஸ்ஸிலிருந்து வரட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் எண்ணிப் பார்க்க வேண்டும் இல்லையா? இன்று மாலையே எண்ணி, எந்தெந்த ஃபங்ஷன், எத்தனை இடம் என்று பட்டியலை அனுப்பு. கெட் வரும் இடங்களை நாம் இருவரும் சேர்ந்து பார்ப்போம்.